ஸ்கேன் நார்மல், ஞாயிறு பயிற்சிக்குப் போகலாமா?

கடிதம் எழுதியிருப்பவர் 41 வயதுப் பெண். கணக்குத் துறையில் வேலை. மூன்று ஆண்டுகளாகச் சாலை சைக்கிள் ஓட்டும் குழு ஒன்றில் இருக்கிறார். குழுவில் பதினான்கு பேர், பெண் இவர் ஒருவரே. வார நாட்களில் விடியற்காலைப் பயிற்சி, ஞாயிறுதோறும் நெடுந்தூர ஓட்டம். இன்னும் ஐந்து வாரத்தில், நால்வர் அணியாகச் சேர்ந்து ஓட்டி எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து வெற்றியைத் தீர்மானிக்கும் நேரப் பந்தயம் ஒன்று வருகிறது. அந்த நால்வரில் இவரையும் சேர்த்திருக்கிறார்கள்.

பதினொரு நாட்களுக்கு முன், பக்கக் காற்று பலமாக வீசிய ஒரு சாலையில் குழு வேகமெடுத்துப் போயிருக்கிறது. முன்னால் போனவர் சொல்லாமல் கொள்ளாமல் சீட்டை விட்டு எழுந்து மிதிக்க, அவருடைய பின்சக்கரத்தில் இவருடைய முன்சக்கரம் உரசி, இடப்பக்கமாக விழுந்துவிட்டார். தோளிலும் இடுப்பிலும் சிராய்ப்பு, ஹெல்மெட்டில் ஒரு கீறல். நினைவு தப்பவில்லை. எழுந்ததும் “என் பாட்டில் எங்கே?” என்று கேட்டாராம். பாட்டில் சைக்கிளில்தான் இருந்தது. எடுத்துக் காட்டிய சற்று நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். பிறகு மீதமிருந்த 20 கிலோமீட்டரையும் குழுவோடு ஓட்டி முடித்திருக்கிறார். வழியில் ஒரு பாலம் உண்டு. அதைக் கடந்ததே இவருக்கு நினைவில்லை. பாலத்தில் நின்று எடுத்த படத்தில் தானும் இருப்பதை வாட்ஸ்அப்பில் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. இதைக் கணவரிடமும் சொல்லவில்லை, குழுத் தலைவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் எடுத்த சி.டி. ஸ்கேன் நார்மல். ஆனால் கணினியில் அரை மணி நேரம் எண்களைப் பார்த்தால் தலைவலி வருகிறது. தூக்கம் சரியில்லை. அற்ப விஷயத்துக்கெல்லாம் எரிச்சல். பின்னால் வண்டி வருகிறதா என்று தோளுக்கு மேலாகத் திரும்பினால் தலை சுற்றுகிறது. “ஸ்கேன்தான் சரியாக இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள். வரிசையின் கடைசியில் வந்தால் போதும்” என்கிறார் தலைவர். “ஓட்டியதெல்லாம் போதும், ஆசையாக இருந்தால் தனியாக ஓட்டு” என்கிறார் கணவர். ஞாயிறு போகலாமா, விழுந்தது என் தவறா, சேர்த்து வைத்த உடல்திறன் வீணாகிவிடுமா, தனியாக ஓட்டுவதுதான் பாதுகாப்பா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். “நான் விலகினால், பெண்களைச் சேர்த்தால் இப்படித்தான் என்பார்கள்” என்றும் ஒரு வரி. கடைசியாக, அந்த ஹெல்மெட்டையே அணியலாமா என்றும்.

அன்புள்ள வாசகிக்கு,

ஞாயிறு போகாதீர்கள். அடுத்த ஞாயிறும் பெரும்பாலும் வேண்டாம். காரணத்தைச் சொல்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை. தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, எழுப்பினாலும் விழிக்க முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் மரத்துப்போவது அல்லது வலுவிழப்பது, பேச்சுக் குழறல், ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாகத் தெரிவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பதினொரு நாட்கள் ஆகிவிட்டதே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். மண்டையோட்டுக்கு உள்ளே மெதுவாகக் கசியும் ரத்தம் வாரக்கணக்கில் கழித்தும் வெளிப்படுவதுண்டு. ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுபவரானால், இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

ஸ்கேன் எதைப் பார்க்காது

தலையில் அடிபட்டவர் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறைத்தான் உங்கள் தலைவரும் செய்கிறார். சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். இரண்டும் இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் உங்களுக்கு வந்திருப்பது, கடிதத்தை வைத்துச் சொல்வதானால், கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வு. தலை சட்டென்று நின்று திரும்பும்போது மூளைக்குள் நரம்பிழைகள் இழுபடுகின்றன; நரம்பணுக்களுக்கு உள்ளும் வெளியுமாக இருக்கும் உப்புகளின் சமநிலை குலைகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்குக் கூடுதல் சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டமும் குறைகிறது. இது மூளையின் வேலையில் வரும் கோளாறு. வடிவத்தை மட்டும் படம்பிடிக்கும் ஸ்கேனில் இது அகப்படாது.

நினைவு தப்பவில்லை என்பதை ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். மூளை அதிர்வுக்கு ஆளாகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. நீங்கள் பாட்டிலை இரண்டாம் முறை கேட்டீர்களே, நோய் அறிய அதுவே போதும். சற்று முன் கேட்ட பதிலை மூளையால் பதிவு செய்ய முடியவில்லை. பாலம் நினைவில் இல்லாததற்கும் காரணம் அதுதான். கால்கள் பழக்கத்தில் மிதித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. நீங்களோ அந்த வரிசையில் பாதிதான் இருந்தீர்கள்.

பெரிய பந்தயங்களிலேயே இது நடந்திருக்கிறது. 2017 கலிஃபோர்னியா சுற்றுப் பந்தயத்தில் லாத்வியா வீரர் டோம்ஸ் ஸ்குயின்ஷ் விழுந்து எழுந்தார். கால் நிலைகொள்ளாமல் தள்ளாடி, வேகமாக இறங்கிவந்த மற்ற வீரர்களின் பாதையிலேயே நடந்தார். அப்படியும் சைக்கிளில் ஏற்றிவிடப்பட்டார். பிறகுதான் அவருடைய அணி அவரை நிறுத்தியது. 2020 டூர் டி பிரான்ஸில் பிரெஞ்சு வீரர் ரொமான் பார்டே விழுந்த பின்னும் அன்றைய ஓட்டத்தை முடித்தார். மூளை அதிர்வு என்று அதன்பிறகே தெரிந்து போட்டியிலிருந்து விலகினார். பரிசோதனையில் சிறு ரத்தக்கசிவும் தெரிந்தது. மருத்துவர் கார் பின்னாலேயே வரும் பந்தயத்தில் இந்த நிலை. எல்லோரும் வியர்வையோடு சாலையோரம் நின்றுகொண்டிருக்கும் ஒரு காலை நேரத்தில் உங்கள் நண்பர்கள் சிரித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கோபம் கொஞ்சம் உண்டு.

வரிசையின் கடைசி இடம்

“கடைசியில் வந்தால் போதும்” என்ற யோசனை கேட்பதற்குக் கருணையாக இருக்கிறது. ஆனால் சக்கரத்தோடு சக்கரமாகப் போகும் வரிசையில் வேகம் அதிகம் ஏறி இறங்குவது கடைசி இடத்தில்தான். முதலில் போகிறவர் பிரேக்கைச் சற்றே தொடுவார். அடுத்தவர் கொஞ்சம் கூடுதலாகத் தொடுவார். பத்தாவது ஆள் ஏறக்குறைய நின்றே விடுவார். பிறகு விட்ட இடைவெளியைப் பிடிக்க அவர்தான் எழுந்து பாய வேண்டும். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும் இதே கதை. புதியவர்களையும் களைத்தவர்களையும் பின்னால் தள்ளும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. முதல் சில இடங்களுக்குள், நிதானமான ஒருவரின் பின்னால் வைத்துக்கொள்வதே அவர்களுக்கு நல்லது.

இன்னொரு கணக்கும் உண்டு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். முன்சக்கரத்துக்கும் முன்னவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த அரை மீட்டரை நீங்கள் கடக்க நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். ஒன்றைக் கண்டு, புரிந்து, பிரேக் பிடிக்க மனிதருக்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகும். ஆக, குழுவாக ஓட்டுவது அனிச்சைச் செயலின் பலத்தில் நடப்பது அல்ல. முன்னவரின் சக்கரத்தையே வெறிக்காமல், அவர் தோளுக்கு மேலாக மூன்று நான்கு சைக்கிள் தள்ளி என்ன நடக்கிறது என்று பார்க்கிறோம். கை சைகையை, குரலை, பெடல் நிற்பதை, காற்று திரும்புவதை ஒன்றுசேர்த்து, நடக்கப்போவதை முன்கூட்டியே ஊகிக்கிறோம். பல திசைகளிலிருந்து வரும் செய்திகளை ஒரே நேரத்தில் கோக்கும் இந்த வேலையைத்தான் மூளை அதிர்வு முதலில் கெடுக்கிறது. எண்கள் நிறைந்த திரை உங்களுக்கு வலி தருகிறது. தோளைத் திருப்பினால் உலகம் சுழல்கிறது. இந்த நிலையில் இருப்பவர் வரிசையில் எந்த இடத்திலும் இருக்கக் கூடாது. உங்களுக்காக மட்டும் சொல்லவில்லை, பக்கத்தில் வருகிறவர்களுக்காகவும்தான்.

முதல் அதிர்வு ஆறுவதற்குள் இரண்டாவது முறை தலையில் அடிபட்டால் குணமாகும் காலம் நீண்டுவிடும். இளம் வயதினருக்கு மிக அரிதாக உயிருக்கே ஆபத்தான வீக்கமும் வருவதுண்டு. மூளை அதிர்வுக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு மூட்டு, தசைக் காயங்கள் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது என்றும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இணைந்து இயங்கும் திறன் முழுமையாகத் திரும்பியிருக்காது என்பதே காரணமாக இருக்கலாம்.

தவறு யாருடையது?

“உன் முன்சக்கரம் உன் பொறுப்பு” என்று குழுவில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சைக்கிள் ஓட்டிகள் எங்கும் சொல்லும் விதிதான் அது, தவறும் இல்லை. சைக்கிள் விழாமல் இருப்பதே, சாயும் பக்கம் முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டே இருப்பதால்தான். பக்கவாட்டில் இன்னொரு சக்கரம் அந்தத் திருப்பத்தைத் தடுத்துவிட்டால் பின்னால் இருப்பவர் விழுவார். முன்னால் இருப்பவருக்கு ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான். அதனால்தான் பின்னவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்து நிற்கும் நிலையைத் தவிர்க்கச் சொல்கிறோம்.

ஆனால் நீங்கள் ஏன் அந்த நிலையில் இருந்தீர்கள்? பக்கக் காற்றில் மறைவு கிடைப்பது நேர் பின்னால் இல்லை, சாய்வாகப் பின்னால். பின்னால் ஒட்டி ஓட்டுகிறவருக்கு உழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சமாகும் என்பதால், உடல் தானாகவே அந்த மறைவைத் தேடிப் பக்கவாட்டில் நகரும். சாலை முழுவதையும் மூடிவிட்ட பந்தயத்தில் இதற்காகவே சாய்வரிசை அமைப்பார்கள். வண்டிகள் ஓடும் சாலையில் அதற்கு அகலம் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் வேகத்தைக் குறைத்து இடைவெளியைக் கூட்டச் சொல்ல வேண்டியவர் யார்? தலைவர்தானே.

முன்னால் போனவருக்கும் பங்கு உண்டு. சீட்டை விட்டு எழும் கணத்தில் பெடலில் அழுத்தம் விட்டுப்போகிறது. உடல் முன்னால் நகர, சைக்கிள் பின்னால் வழுக்குகிறது. பின்தொடர்பவருக்கு அது ஒரு சாண் பின்னோக்கி வந்ததுபோல் இருக்கும். எழுவதற்கு முன் ஒன்றிரண்டு கியர் கடினமாக்கிக்கொண்டு, கால் மேலிருந்து கீழே இறங்கும் நேரத்தில் அழுத்தம் விடாமல் எழுந்தால் இந்த வழுக்கல் இருக்காது. ஒரு மாலைப் பயிற்சியில் பழகிவிடக் கூடிய விஷயம். பல ஆண்டுகள் ஓட்டியவர்கள்கூட இதைப் பழகாமலே இருக்கிறார்கள், ஏனென்றால் இதனால் விழுவது அவர்கள் அல்ல.

ஒரு மருத்துவராக நான் பெரிய தவறு என்று நினைப்பது இவை இரண்டையும் அல்ல. சக்கரங்கள் உரசுவது இந்த விளையாட்டில் நடக்கக் கூடியது. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்ட ஒருவரை மீண்டும் சைக்கிளில் ஏற்றி 20 கிலோமீட்டர் ஓட்டவிட்டது நடந்திருக்கவே கூடாது.

திரும்பி வரும் வழி

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. இருட்டறையில் படுத்துக் கிடக்கச் சொல்லும் காலம் மலையேறிவிட்டது. மூளை அதிர்வு பற்றி 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களின் பரிந்துரை 2023இல் வெளிவந்தது. முதல் ஓரிரு நாள் ஓய்வு, திரை நேரத்தைக் குறைப்பது, அதன் பிறகு மெல்ல மெல்ல இதயத்துடிப்பைக் கூட்டும் பயிற்சி என்கிறது அது. இந்த மிதமான பயிற்சியே குணமாவதை விரைவுபடுத்துகிறது. ஆகவே சைக்கிளை மூலையில் சாத்த வேண்டியதில்லை. சாலையைத்தான் விட வேண்டும்.

வீட்டுக்குள் நிலையாக நிறுத்தி ஓட்டும் டிரெய்னர் இருந்தால் இப்படித் தொடங்குங்கள். 220இலிருந்து வயதைக் கழித்தால் உங்கள் உச்ச இதயத்துடிப்பு தோராயமாக 179. அதில் 55 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 98 துடிப்பைத் தாண்டாமல் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டுங்கள். அது ஒத்துக்கொண்டால் அடுத்த கட்டம் 70 சதவீதம், அதாவது 125 வரை. ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது ஒரு நாள். ஓட்டத் தொடங்கும் முன் தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் பத்துக்கு எத்தனை என்று எண் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டும்போது அந்த எண் தொடக்கத்தில் இருந்ததைவிட இரண்டு புள்ளிக்கு மேல் கூடினால் இறங்கிவிட வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். கைகளை ஹேண்டில்பாரின் மேல்பகுதியில் வைத்து நிமிர்ந்து உட்காருங்கள். குனிந்து கழுத்தை நிமிர்த்தும் நிலை இப்போது வேண்டாம். எதிரே மின்விசிறி வையுங்கள். திரையில் சாலை ஓடும் மெய்நிகர் பந்தயங்களும் வேண்டாம், ஓடும் காட்சியே தலைசுற்றலைக் கிளப்பிவிடும்.

சாலைக்கு எப்போது வரலாம்? அதே பரிந்துரையில் ஒரு நுணுக்கம் உண்டு. தலையில் மறுபடி அடிபடும் வாய்ப்புள்ள எந்தப் பயிற்சிக்கும் முன்னதாக மருத்துவரின் அனுமதி வேண்டும். ஓட்டப் பந்தய வீரர் மைதானத்தில் மெல்ல ஓடுவதுபோல, சைக்கிளில் தனியாகச் சாலையில் போவது பாதுகாப்பான இடைப்படி என்று நினைத்துவிடக் கூடாது. ஆகவே உட்கார்ந்திருக்கும்போதும், வேலை செய்யும்போதும், டிரெய்னரில் மூச்சு வாங்க ஓட்டும்போதும் அறிகுறி எதுவும் இல்லை என்றான பிறகு மருத்துவரைப் பாருங்கள். அவர் சம்மதித்தால் முதலில் வண்டி நடமாட்டம் குறைந்த சாலையில் தனியாக, பிறகு நம்பிக்கையான ஒருவரோடு, பிறகு சிறு குழுவில் நிதான வேகத்தில், அதன் பிறகே முழுப் பயிற்சி. தொழில்முறை வீரர்களுக்கே, அறிகுறிகள் மறைந்த பின் குறைந்தது ஒரு வாரம் பந்தயம் கூடாது என்கிறது சைக்கிள் விளையாட்டின் உலக அமைப்பான யு.சி.ஐ. இளையோருக்கு இரண்டு வாரம்.

தலைசுற்றல், கழுத்துவலி, தலைவலி ஆகியவை பத்து நாட்களைத் தாண்டினால் கழுத்துக்கும் சமநிலை உறுப்புக்கும் தரும் இயன்முறைப் பயிற்சி உதவும். உங்களுக்குப் பதினொரு நாட்கள் ஆகிவிட்டன. இந்த வாரமே அதில் பழக்கமுள்ள இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். அலுவலகத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையை விட்டு எழுந்திருங்கள். பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் சரியாகிவிடுகிறார்கள். நான்கு வாரத்தைத் தாண்டினால் விரிவான பரிசோதனை தேவை.

உடல்திறன் கோடு நாள்தோறும் இறங்குகிறது என்று பயிற்சிச் செயலியைக் காட்டி அழாத குறையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோடு உங்கள் உடலை அளந்து போட்டது அல்ல. இத்தகைய செயலிகள் பொதுவாகக் கடைசி 42 நாட்களின் பயிற்சிச் சுமையை எடை போட்டுச் சராசரி எடுக்கின்றன. ஓட்டாத நாளில் அது இறங்கித்தான் தீரும். நீங்கள் கணக்காளர், உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உண்மையில் முதல் ஓரிரு வாரத்தில் குறைவது பெரும்பாலும் ரத்தத்தின் நீர்ப்பகுதி. மீண்டும் ஓட்டத் தொடங்கியதும் அது விரைவாகவே திரும்பிவிடும். மூன்று ஆண்டுகளில் தசையும் இதயமும் கற்றது மூன்று வாரத்தில் போய்விடாது.

பந்தயத்துக்கு வருகிறேன். கணக்குப் போட்டால் ஐந்து வாரத்தில் தயாராகிவிட முடியும் என்று தோன்றும். நான் அந்த இடத்தை இப்போதே விட்டுக்கொடுக்கச் சொல்வேன். நால்வர் ஓட்டத்தில் சக்கர இடைவெளி மிகக் குறைவு. முன்னோக்கி நீளும் ஏரோ பாரில் முழங்கை ஊன்றினால் கை பிரேக்கில் இருக்காது. முறை மாறி முன்னால் வந்து பின்னால் போக, நான்கு பேரும் பல வாரம் சேர்ந்து பழக வேண்டும். இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தேதி ஒன்று தலைக்கு மேல் தொங்கும்போது, தலைவலிக்கு நான்கு என்று போட வேண்டிய இடத்தில் கை தானாக இரண்டு என்று போடும். பாலத்தை மறைத்த நீங்கள் இதையும் மறைப்பீர்கள். குற்றம் சொல்லவில்லை, என் அறைக்கு வரும் விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

“பெண்களைச் சேர்த்தால் இப்படித்தான்” என்று யாராவது சொல்லலாம். சொல்கிறவரின் வாயை அடைக்க உங்கள் மூளையை அடகு வைக்க வேண்டாம். மேலே நான் சொன்ன இரண்டு வீரர்களும் ஆண்கள்.

கணவரின் பயமும் குழுவின் பொறுப்பும்

உங்கள் கணவரின் பயம் நியாயமானது. “தனியாக ஓட்டு” என்ற தீர்வைத்தான் நான் ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ஏமி கில்லெட் 2005இல் ஜெர்மனியில் சக வீராங்கனைகளோடு பயிற்சியில் இருந்தபோது கார் மோதி இறந்தார். உடன் சென்ற ஐவருக்குப் பலத்த காயம். இத்தாலியின் மிக்கேலே ஸ்கார்போனி 2017இல் வீட்டருகே தனியாகப் பயிற்சி செய்தபோது வேன் மோதி இறந்தார். வண்டிகளால் வரும் ஆபத்து இருவகையிலும் உண்டு. தனியாகப் போகிறவர் சக்கரம் உரசி விழமாட்டார். ஆனால் விழுந்தால் பார்க்க ஆள் இருக்காது. குழுவாகப் போனால் ஓட்டுநர்களின் கண்ணில் படுவோம், உதவிக்கு ஆளுண்டு. அந்த உதவி உங்களுக்கு அன்று கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

பாலம் நினைவில்லாததை இன்று இரவே கணவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டு விழலாம். ஆனால் எரிச்சலும் மறதியும் குறைகின்றனவா கூடுகின்றனவா என்பது உங்களைவிட உடனிருப்பவருக்கே சரியாகத் தெரியும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும் அவரை அழைத்துச் செல்லுங்கள்.

குழுத் தலைவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்: “விழுந்த பிறகு ஓட்டிய தூரத்தில் ஒரு பகுதி எனக்கு நினைவில்லை. மூளை அதிர்வு என்று மருத்துவர் சொல்கிறார். அவர் எழுத்தில் அனுமதி தரும்வரை குழுவோடு ஓட்டமாட்டேன். பந்தயத்துக்கு வேறு ஒருவரைத் தயார் செய்யுங்கள்.” இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நல்ல தலைவர் என்றால் அன்று நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று மற்றவர்களிடம் விசாரிப்பார். அதைக் கேட்டும் ஞாயிறு வரச் சொன்னால், குழுவை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

திரும்பிப் போகும் நாளில் குழுவிடம் சிலவற்றைக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களைவிடத் தகுதியானவர் அங்கே யாரும் இல்லை.

விழுந்தவர் எழுந்ததும்: முதலில் சாலையோரத்துக்கு நகர்த்தி வண்டிகளிலிருந்து காப்பது. கழுத்து வலிக்கிறது என்றாலோ கை கால் மரத்திருக்கிறது என்றாலோ நகர்த்தாமல் ஒருவர் வண்டிகளை மறிப்பது. இப்போது எங்கே இருக்கிறோம், எந்த வழியாக வந்தோம், யார் முன்னால் இருந்தது என்று கேட்பது. பதில் தடுமாறினாலோ, கேட்டதையே கேட்டாலோ, நிற்கத் தள்ளாடினாலோ அன்றைய ஓட்டம் அவருக்கு முடிந்தது. ஏறலாமா என்று விழுந்தவரிடமே கேட்பதில் பயனில்லை, எல்லோரும் “நன்றாக இருக்கிறேன்” என்றுதான் சொல்வார்கள். தலையில் அடிபட்டவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும் என்பதால், அன்று மாலையும் மறுநாளும் ஒருவர் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

வேகத்துக்கு ஒரு நாள், பேச்சுக்கு ஒரு நாள்: ஞாயிறு ஓட்டம் நிதானமானது என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். பாதி வழியில் ஒருவர் அரைச் சக்கரம் முன்னால் நீட்டுவார், பக்கத்தில் இருப்பவர் விடமாட்டார், சற்று நேரத்தில் அது பந்தயமாகிவிடும். கடினப் பயிற்சிக்கு அது போதாது, ஓய்வுக்கோ அது மிகை. களைத்தவர்களின் கவனம் சிதறுவதும், விழுவதும் பெரும்பாலும் இந்த ஓட்டங்களில்தான். வேகப் பயிற்சியைத் தனி நாளில், திறன் ஒத்த சிறு குழுக்களாக, தெரிந்த சாலையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குழு ஓட்டத்தில் ஏரோ பாரில் முழங்கை ஊன்றுவது கூடாது என்றும் ஒரு விதி வேண்டும்.

ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் கடுமையான தலைக்காயத்தின் வாய்ப்பை ஹெல்மெட் பாதிக்கு மேல் குறைக்கிறது. 2003 பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்த கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரேய் கிவிலெவ் இறந்த பிறகே, தொழில்முறைப் பந்தயங்களில் அது கட்டாயமானது. ஆனால் மண்டையோடு உடையாமல் காக்கும் அளவுக்கு, உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்க அதனால் முடியாது. அதன் உள்ளிருக்கும் நுரை ஒரே ஒரு அடிக்காகச் செய்யப்பட்டது. அடியை வாங்கி நசுங்கிய இடம் மறுபடி உப்பாது. வெளியே தெரிவது கீறல் மட்டும்தான். புதிது வாங்கிக்கொள்ளுங்கள். பழையதைக் குப்பையில் போடும் முன் அதன் வார்களைக் கத்தரித்துவிடுங்கள், நன்றாகத்தான் இருக்கிறது என்று யாரும் எடுத்து அணிந்துவிடாதபடிக்கு.